அர்ஹெனிஸ் கட்டிய கயிறு

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரம் வந்துவிட்டால் கலபோசோ ஊரில் கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்காது. எல்லாரும் ஒரிதுக்கோ ஆற்றங்கரையில் மரத்துக்கு மரம் வலைத்தூளி கட்டிக் காலை நீட்டிக் கிடப்பார்கள். குடும்பத்துக்கு இரண்டு மரம். ஊர் திரும்பும்போது தூளியை மட்டும் சுருட்டிக்கொண்டு கயிற்றை மரத்திலேயே விட்டுவிட்டு வருவது வழக்கம். கயிறு இருந்தால் இந்த இடத்துக்கு ஆள் உண்டு, திரும்பி வருவார்கள் என்று அர்த்தம். எத்தனை வருஷமானாலும் அடுத்தவர் அங்கே தூளி கட்ட மாட்டார்கள். மற்ற விஷயங்களில் அடித்துக்கொள்ளும் ஊர்தான், ஆனால் இதில் மட்டும் அப்படி ஒரு நேர்மை.

இந்த வருஷம் ஆற்றங்கரைக் காவலர் கிளெமெந்தே அதற்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். கயிறு மரத்தை அறுக்கிறதாம். இனிமேல் அகலமான வார் கொண்டு வந்தால்தான் தூளி கட்டலாம். பழைய கயிறுகளை அவரவரே வந்து வெட்டி எடுத்துவிட வேண்டும்.

அதைக் கேட்டதிலிருந்து சுலாய்க்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர்களுடைய இரண்டு தூங்குமூஞ்சி மரங்களில் இருப்பது அவள் புருஷன் அர்ஹெனிஸ் கட்டிய கயிறு. பிழைப்புத் தேடி சிலி நாட்டுச் சாந்தியாகோவுக்குப் போவதற்கு முன்னால் கட்டினான். "அவிழ்த்துடாத, வந்து இதுலயே படுக்கறேன்" என்றுவிட்டுப் போனான். ஏழு வருஷமாகிறது. அவனில்லாமல் ஆற்றுக்குப் போக அவளுக்கு மனசு வரவில்லை. கயிறு அங்கே இருக்கிறது, அவன் வருவான் என்ற நினைப்பிலேயே நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வார் வாங்க அவளோடு கடைக்கு வந்தவள் நெரெய்தா. அர்ஹெனிஸின் அக்கா. வாயைத் திறந்தால் ஊசி குத்துகிற மாதிரிதான் பேசுவாள். கடைக்காரர் எடுத்துப் போட்டதில் ஒல்லியான ஒன்றை அவள் தூக்கிப் பார்த்தாள்.

"இது போதாதா? மரத்துக்கு என்ன கல்யாணமா நடக்குது, அகலமா கட்டறதுக்கு?"

"அது லாரியில மூட்டை கட்டறது, அம்மா. கயிறு மாதிரியே பட்டையில இறங்கிடும்" என்றார் கடைக்காரர்.

"அப்ப இந்தப் பளபளப்பு?"

"நைலான். இழுபடும். மேல படுத்தீங்கன்னா விடியறப்ப தரையில எந்திரிப்பீங்க."

சுலாய் நாலு விரல் அகலத்தில், இழுபடாத ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டாள். மரம் இந்நேரம் பருத்திருக்கும் என்பதால் இருப்பதிலேயே நீளமானதாகக் கேட்டு வாங்கினாள். நெடுக வளையங்கள் வைத்துத் தைத்திருந்தது. மரத்தைச் சுற்றிப் போட்டுக் கொக்கியை மாட்டினால் வேலை முடிந்தது.

"முடிச்சே வேண்டாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"முடிச்சு போட்டவன் சாந்தியாகோவுல குளிர்காயறான், இவ இங்க முடிச்சுக்கு ஏங்கறா" என்றாள் நெரெய்தா. "எங்கம்மா பெத்ததுலயே உருப்படாதது அது. அவன் வருவான்னு இன்னும் எத்தனை வருஷம் வாசலப் பாத்துட்டு இருப்ப?"

"இருந்துட்டுப் போறேன் மதினி."

ஆற்றங்கரையில் சுலாய் முதல் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். கயிற்றைக் காணோம். மரம் அதை விழுங்கியிருந்தது. பட்டை மேலும் கீழும் வீங்கி மூடிக்கொண்டிருக்க, முடிச்சும் இரண்டு விரல் நீளத்துக்குக் கயிற்றின் நுனியும் மட்டும் வெளியே துருத்தி நின்றன. அந்தப் பக்கத்துக் கிளைகளில் இலையே இல்லை.

"கழுத்த நெரிச்ச மாதிரிதான் இது. மேலயும் கீழயும் எதுவும் போய் வரல" என்று கத்தியை நீட்டினார் கிளெமெந்தே. "உள்ள போனதத் தோண்டாதீங்க. முடிச்ச வெட்டி இறுக்கத்த விட்டா பொழச்சுக்கும்."

சுலாய் கத்தியை வாங்கவில்லை. அர்ஹெனிஸ் போடும் முடிச்சு அவளுக்குத் தெரியும். நுனியை ஒரு தடவை அதிகமாகச் சுற்றிப் பல்லால் கடித்து இழுப்பான். அந்த வாயும் கையும் அவளுக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு வேண்டியிருந்தது என்று யாரிடமும் சொல்ல முடியாமல் ஏழு வருஷம் போயிருந்தது.

"ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்" என்று மேட்டின் மேல் ஏறினாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

அவன் எடுத்தான். பின்னால் வண்டிகளின் இரைச்சல் கேட்டது.

"ஆத்துல இருக்கேன்" என்றாள்.

"ஆத்துலயா! தண்ணி கெடக்கா?" குரல் ஒரு நிமிஷம் பழைய அர்ஹெனிஸாகிவிட்டது. "சிகுயிரே கறி ஆக்கினீங்களா?" புனித வாரத்தில் ஊரே சமைக்கும் ஆற்றுப் பிராணியின் கறி அது.

"மதினி உப்புக்கண்டம் போட்டு எடுத்தாந்திருக்கு. அர்ஹெனிஸ், நீ கட்டின கயிறு அப்படியே இருக்கு. வெட்டணும்கறாங்க."

"வெட்டிடு."

"வெட்டிட்டா, வருவோம்னு சொல்ல அங்க ஒண்ணும் இருக்காது."

"தெரியும் சுலாய். யாராச்சும் இடம் கேட்டா குடுத்துடு. கொழந்த குட்டி இருக்கறவங்களா பாத்துக் குடு" என்றான்.

அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவனோ மெதுவாக, அன்பாகத்தான் சொன்னான். அவன் வரப்போவதில்லை. போன் ஓய்ந்த பிறகும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி நின்றாள்.

இறங்கி வரும்போது நெரெய்தா மரத்தடியில் இருந்தாள். முடிச்சில் அப்பியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் சுரண்டிச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். சுலாயைக் கண்டதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"என்ன சொல்றான் உன் மகாராசன்?"

கேட்ட தோரணை என்னவோ பழைய தோரணைதான். ஆனால் கண் சுலாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இவளும்தான் காத்திருந்திருக்கிறாள் என்பது சுலாய்க்கு அப்போதுதான் உறைத்தது. தம்பி இவளோடு பேசி எத்தனை மாசமாயிற்றோ.

"வெட்டச் சொல்றான் மதினி" என்றாள். "வந்து இந்தப் புது வார்லயே படுத்துக்கறானாம்."

"வர்றானாமா? எப்ப?"

"எப்பன்னு சொல்லல."

நெரெய்தா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். முகம் கோணியது. "வெக்கங்கெட்ட பய! வரட்டும், வரட்டும், தொடப்பத்தாலயே சாத்தறேன்" என்றவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கைச் சிந்திவிட்டுக் கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "கிளெமெந்தே! கேட்டீங்களா, என் தம்பி வர்றான்! குடுங்க கத்திய!"

கயிறு இறுகிக் கல்லாகியிருந்தது. கத்தி வழுக்கியது. சுலாய் குனிந்து, வெளியே நீட்டியிருந்த நுனியைப் பிடித்து இழுத்துக்கொடுத்தாள்.

"கைய எடுடி, வெட்டிடப் போகுது."

"பரவால்ல மதினி, நீங்க அறுங்க" என்றாள் சுலாய்.