சாயம் ஏறாத இடம்

மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்த மாத்திரத்தில் அவளுக்குச் சந்தோஷமாகிவிட்டது. கண்ணாடித் துண்டு முழுக்க ஒரே நீலம். ஏற வேண்டிய பழுப்பைக் காணோம். சாயம் கெட்டுவிட்டது, தன் கையால் போட்ட சாயம் முதல் முறையாகக் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று பக்கத்து மேசைக்காரி சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வராந்தாவுக்கு ஓடி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

மருத்துவமனையின் அந்த ஆய்வகத்தில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர். அதே மருந்து, அதே சூடு, அதே தண்ணீர்தான். மற்றவர்கள் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும் சாயம் இவள் போட்டால் துலக்கமாக இருக்கும். சிக்கலான கேஸ் வந்தால் டாக்டரம்மா யோசிக்கவே மாட்டார், இவள் மேசைக்கு அனுப்பிவிடுவார். ஆனால் சொந்தக்காரர் சதையைச் சொந்தக் கையால் தொடுவதில்லை என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எழுதி வைத்ததில்லை, எல்லோரும் கடைப்பிடித்தார்கள். அண்ணன் மகளின் மூளைத்தண்டிலிருந்து எடுத்த துணுக்கு, அரிசி நொய்யளவுகூட இல்லாதது, வந்து சேர்ந்தபோது பக்கத்து மேசைக்காரி தான் போடுவதாகக் கையை நீட்டினாள். இவள் கொடுக்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பலித்த கைராசி நம் பிள்ளைக்குப் பலிக்காமலா போகும் என்று ஒரு நப்பாசை. உள்ளே இருப்பதைத்தான் சாயம் காட்டும், போடுகிறவளின் ராசியையா காட்டும்? இது தெரியாதவளா அவள்? தெரிந்தும் கொடுக்கவில்லை.

"அண்ணே, சாயம் ஏறல. இத கணக்குல எடுக்க முடியாது. மறுபடியும் பண்ணணும்."

"அப்படின்னா?"

"அப்படின்னா இன்னும் ஒண்ணும் முடிவாகல."

அந்தப் பக்கம் ஒரு ஜிப் பாதியில் நின்றது. "வயித்துல பால வார்த்தம்மா," என்றான் அண்ணன். "உங்க அண்ணி ரெண்டு நாளா சரியா ஒரு வாய் சாப்பிடல. இப்பவே சொல்லிடறேன்."

அண்ணனுக்குப் பெட்டி ரிப்பேர் கடை. பயணப் பெட்டிகளுக்குச் சக்கரம் மாற்றுவது, ஜிப் தைப்பது, பூட்டு பொருத்துவது. மகள் எட்டு வயதுக்காரி, பள்ளிக்கூடம் விட்டால் கடையே கதி. வருகிறவர்களிடம் அப்பாவுக்கு முன்னால் இவளே விலை சொல்லிவிடுவாள், அதனால் சின்ன முதலாளி என்று பெயர் விழுந்துவிட்டது. அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. பெரிய பெட்டி ஏதாவது காலியாகக் கிடந்தால் சின்ன முதலாளி அதற்குள் சுருண்டு படுப்பாள். அண்ணன் மூடியைச் சாத்தி, மேலே தட்டி, "முதலாளி இருக்காங்களா?" என்று கேட்பான். "இல்ல, வெளியூர் போயிட்டாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வரும். உடனே திறந்துவிடுவான். அந்தப் பிள்ளைக்குத்தான் ஒரு கண் உள்பக்கமாக இழுத்துக்கொண்டது, நடை தள்ளாடியது, வாய் ஒரு பக்கம் கோணியது. ஸ்கேனில் மூளைத்தண்டில் ஒரு கட்டி தெரிந்தது.

துணுக்கு எடுத்த அன்று மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து, "நீ அப்படி என்னத்தப் பாக்கப் போற?" என்று அண்ணன் கேட்டான். அவனுக்குப் புரிகிற மாதிரி அவள் பெட்டியை வைத்தே சொன்னாள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முழு உடம்புக்கான குறிப்பும் நீள நூலாக இருக்கிறது. அதை ஹிஸ்டோன் என்கிற புரத உருண்டைகளில் சுற்றிச் சுற்றி, மடித்துத் திணித்து வைத்திருக்கிறது உடம்பு. அந்த மூட்டைக்குக் குரோமாட்டின் என்று பெயர். உருண்டையிலிருந்து சின்ன வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் அசிட்டைல் என்று ஒரு துணுக்கு வந்து ஒட்டினால் பிடி தளரும், மடிப்பு விரியும், உள்ளே இருக்கும் குறிப்பைச் செல் படிக்கும். அதே வாலில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மெத்தில் துணுக்குகள் ஒட்டினால் மடிப்பு இறுகிவிடும். அது பூட்டு. கருவில் இருக்கும்போது கடகடவென்று பெருகச் சொன்ன குறிப்புகளை, பிள்ளை வளர வளர உடம்பு இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பூட்டி வைக்கிறது. பூட்டு இருக்கிற இடத்தில் தன்னுடைய சாயம் பழுப்பாக ஏறும் என்றாள். கட்டியில் பழுப்பு இருந்தால் அது மருந்துக்கு மசிகிற வகையாக இருக்கலாம். இல்லையென்றால் மசியாத வகை; அதை மட்டும் அவள் சொல்லாமல் விட்டாள்.

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தபோது டாக்டரம்மா அவளுடைய இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாயப் பாத்தியாம்மா?"

அவள் பார்க்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முதலில் குழாயைப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். கட்டிக்குள் ஓடும் இரத்தக் குழாயின் சுவர் கட்டியைச் சேர்ந்ததல்ல, பிள்ளையின் நல்ல செல்கள். அங்கேயும் பழுப்பு இல்லையென்றால் சாயம் கெட்டது என்று அர்த்தம். அங்கே பழுப்பு இருந்து, கட்டியில் மட்டும் இல்லையென்றால் சாயம் சரி. இத்தனை வருடத்தில் அவள் மறக்காத பாடம் இன்றைக்கு மறந்துபோயிற்று. மறந்தது என்பதும் பொய். நீலத்தைப் பார்த்ததும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு எழுந்து ஓடிவிட்டாள்.

குனிந்து பார்த்தாள். ஓரத்தில் மெல்லிய வளையமாக ஒரு குழாய் இருந்தது. அதன் சுவரில் ஒவ்வொரு செல்லின் நடுவிலும் பழுப்பு அழகாக ஏறியிருந்தது. திட்டு இல்லை, கசிவு இல்லை. அவள் போட்ட சாயங்களிலேயே அவ்வளவு சுத்தமானது வேறு இருக்குமா என்று சந்தேகம். அந்தக் கையை அப்படியே வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

"வீட்டுக்குச் சொல்லிட்டியா?"

தலையசைத்தாள். என்ன சொன்னாள் என்று டாக்டரம்மாவுக்கு அவள் முகத்திலேயே தெரிந்துவிட்டது. "இன்னொரு டெஸ்டும் போட்டுப் பாப்போம். ஆனா அதுல மாறி வரும்னு நான் நினைக்கல. நாளைக்கு அவங்கள உக்கார வச்சு நானே பேசறேன். நீ போகாத."

"பால வார்த்தது நான்தான் மேடம். நானே போறேன்."

கடையில் அண்ணன் ஒரு சின்னச் சிவப்புப் பெட்டிக்குப் பூட்டு பொருத்திக்கொண்டிருந்தான். வாயில் ஒரு திருகாணி. முகம் தெளிந்திருந்தது, சவரம்கூடச் செய்திருந்தான். சின்ன முதலாளி தலையில் தொப்பியோடு, திறந்து கிடந்த ஒரு பெரிய பெட்டிக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு அத்தை வந்திருக்கீங்க," என்றாள். "எந்த அத்தைகிட்ட சாக்லேட் இருக்கு?"

ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, சரியான அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். பாதி வாய்தான் சிரித்தது. கைப்பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் அண்ணனை வாசல் பக்கம் அழைத்துப் போனாள்.

"இந்தப் பெட்டி யாருக்குண்ணே?"

"அவளுக்குத்தான். சரியானதும் எங்கயாவது ரயில்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். இப்பத்தான் சொன்னேன், நீ போன் பண்ணதும்."

"சாயம் கெடலண்ணே."

திருகாணியை அவன் வாயிலிருந்து எடுத்தான். "ஏறலன்னு சொன்னியே."

"நல்ல செல்லுல ஏறியிருக்கு. கட்டியில மட்டுந்தான் ஏறல. நான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன். அங்க பூட்டு இல்லண்ணே."

அண்ணன் தன் தொழிலில் யோசிக்கிற மாதிரியே யோசித்தான். "பூட்டு போச்சுன்னா வேற பூட்டு போட்டுடலாம்ல. எத்தன பெட்டிக்குப் போட்டிருக்கேன்."

"பூட்டு மாட்டுற வளையமே மாறிப்போச்சு. அதோட நிக்கல. பூட்டு போட வர்ற ஆளோட கையையும் அது பிடிச்சுக்குது. பக்கத்துல இருக்கிற நல்ல பெட்டிக்கும் போட விடமாட்டேங்குது."

"சரி பண்ண ஆளே இல்லியா?"

"கதிர் வச்சுப் பாப்பாங்க. கொஞ்ச நாள் நல்லா இருப்பா. நல்லா நடக்கக்கூடச் செய்வா."

"அப்புறம்?"

தெருவில் யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் தேய்ந்த சத்தம். அண்ணன் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணிகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேணாம். மத்தியானம் சாப்பிட்டா," என்றான். "ரெண்டு தடவ சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. இன்னிக்கு ஒரு நாள் போகட்டும்."

"அப்பா, வாங்க. வெளியூர் கெளம்பியாச்சு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பெட்டிக்குள் முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்திருந்தாள் சின்ன முதலாளி. தொப்பி நழுவி, மழித்த பக்கம் தெரிந்தது. அண்ணன் போய்க் குந்தி உட்கார்ந்தான். மூடியைப் பிடித்து மெதுவாக இறக்கினான். பாதி வந்தது, முக்கால் வந்தது. விளிம்புக்கும் பெட்டிக்கும் நடுவில் அவனுடைய இடது கை இருந்தது.

"கேளுங்கப்பா, முதலாளி இருக்காங்களான்னு."

அவன் கேட்கவில்லை. உள்ளே சாக்லேட் தாள் சரசரத்தது.

"அப்பா, வெரல எடுங்க. வெளிச்சம் வருது."

அவன் கையை எடுக்கவில்லை. மூடியின் பாரம் நான்கு விரல்கள் மேலும் இருந்தது. இடுக்கின் வழியாக ஒரு சின்ன விரல் வந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.