பதினான்காம் எண் வீட்டுப் பை

பேப்பரக்காவின் வலது கட்டைவிரலில் ஏழு தையல். அந்தக் கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் காலையிலிருந்து குப்பைத் திட்ட அலுவலகத்தின் வரிசையில் நின்றாள்.

பதினொரு வருஷமாக ஒரே தெருவில் பழைய பேப்பரும் பிளாஸ்டிக்கும் சேகரித்துப் பிழைப்பவள். புருஷன் போன பிறகு இரண்டு பெண்களையும் அந்தத் தெருதான் வளர்த்தது. போன வருஷம் அதற்கென்று ஒரு செயலி வந்தது. பையில் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் அதில் குறிப்பார்கள். இவள் போனில் கட்டைவிரலை வைத்தால் பட்டியல் வரும், அன்று வேலைக்கு வந்ததும் பதிவாகும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லக் கூடாது. வீடு வீடாகக் கதவைத் தட்டித் திட்டு வாங்குவது நின்றது. எச்சில் குப்பையோடு கலந்து நாறிப்போகாமல் பேப்பர் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதை நம்பியதுதான் அவள் செய்த தப்பு. முன்பெல்லாம் கொக்கியால் கிளறிப் பார்க்காமல் எந்தப் பையிலும் கைவிட மாட்டாள். பதினான்காம் எண் வீட்டுப் பைக்குப் போன் ‘காகிதம் மட்டும்’ என்று காட்டியது. படித்தவர்கள் வீடு, பொய்யா சொல்லப் போகிறார்கள் என்று கையை விட்டாள். உள்ளே உடைந்த கண்ணாடி டம்ளர்.

அதோடு விட்டதா? கட்டுப் போட்ட விரலைப் போனுக்கு அடையாளம் தெரியவில்லை. மூன்று நாள் ஒற்றைக் கையால் மூட்டை சுமந்தாள். செயலியோ மூன்று நாளும் ‘வரவில்லை’ என்று பதிந்துவிட்டு, நான்காம் நாள் தெருவை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. குத்தியவன் வீட்டில் இருக்கிறான், குத்துப்பட்டவளுக்குத் தண்டனை! என்ன நியாயம் இது?

அதிகாரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். “நீ வரலைன்னுதாம்மா இதுல இருக்கு. நான் என்ன பண்றது?”

பிறகு அவர் நிமிர்ந்தபோதுதான் அவளுக்கு முகம் தெரிந்தது. பதினான்காம் எண் வீட்டுக்காரர். அவருக்கு இவளைத் தெரியவில்லை.

“அப்ப மூணு நாளா உங்க வீட்டுக் குப்பை தானா நடந்து போச்சா சார்?”

அவர் விழித்தார். அவள் விரலை மேசைமேல் வைத்தாள்.

“பதினாலாம் நம்பர் வீடு. பேப்பர் மட்டும்னு போட்டீங்க, உள்ள கண்ணாடி. நான் விரல் வைக்கலன்னா என் தெருவே போயிடுது. நீங்க பொய் போட்டா எந்த மெஷின் கேக்குது? மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா?”

அவசரத்தில் டம்ளரைப் பழைய செய்தித்தாளுக்கு அடியில் திணித்ததும், குறியைத் தானே போட்டதும் அவருக்கு நினைவு வந்தது. முகம் செத்துப்போயிற்று. அங்கேயே தெருவை அவள் பெயருக்கு மாற்றினார். விரல் வைக்க முடியாதவர்களுக்கு வேறு வழி செய்வதாகவும், இனி வீடுகள்மேல் சேகரிப்பவர்களும் புகார் பதியலாம் என்றும் சொன்னார். “முதல் புகார் என் வீட்டு மேலதான். மன்னிச்சிடுங்கம்மா.”

அவள் நன்றி சொல்லவில்லை.

“குப்பை எடுக்குறவளை மட்டும் வேவு பாத்தா ஊரு சுத்தமாகாது சார். போடுறவனும் பதில் சொல்லணும். அதுக்கப்புறம் போன் குடுங்க, செயலி குடுங்க.”