பத்து மணிக்குப் போன படம்

செவ்வாய்க்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு, மேல்மாடியில் குறைமாதக் குழந்தைகள் அறைக் கேமராவின் படம், தாயின் கட்டிலருகே இருந்த திரையிலிருந்து போய்விட்டது. கீழ்த்தளத்தில் தையல் பிரிக்காமல் படுத்திருந்த தாய், "என் புள்ளைக்கு என்னாச்சு?" என்று போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியே கூடிவிட்டது.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் நான், கேமராவை மறுபடி இணைத்து அரை மணி நேரத்தில் படத்தைக் கொண்டுவந்துவிட்டேன். பழி மட்டும், எங்களுக்குக் கேபிள் இழுத்துத் தரும் வயர் அண்ணன் தலையில் விழுந்தது. முந்தின நாள் நெட்வொர்க் அறைக்குள் போனவர் அவர் ஒருவர்தான். "நாளையிலேர்ந்து அவர் வர வேணாம்," என்றார் மேனேஜர். அண்ணன் தன் கருவிப்பையைக் கட்டத் தொடங்கினார். அவருக்கு மட்டும் வாய் இருந்திருந்தால் எப்போதோ மேனேஜர் ஆகியிருப்பார்.

எனக்கு மனது கேட்கவில்லை. நெட்வொர்க் கருவிகளின் பதிவுகளைத் தோண்டினேன். மாற்றம் செய்தவர் என்ற இடத்தில் ஆள் பெயரே இல்லை. எங்கள் கண்காணிப்பு மென்பொருளின் பெயர் இருந்தது. செவ்வாய்தோறும் பத்து மணிக்கு அது ஒவ்வொரு கருவியின் அமைப்பையும் தன்னிடமுள்ள நகலோடு ஒப்பிடும். மாறியிருந்தால் பழையபடி ஆக்கிவிடும். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. அப்படியானால் நகலில் ஏற்றாமல் கேமராவை முதலில் இணைத்தது யார்? இன்னும் பின்னால் போனேன். போன வியாழன், மாலை நான்கு இருபது. என் பெயர்.

நர்ஸ் அக்கா கெஞ்சியதால் அன்று நான்தான் அவசரமாக இணைத்தேன். திரையில் அந்தக் குழந்தை விட்ட கொட்டாவியைப் பார்த்துக்கொண்டே நின்றதில் நகலை மறந்துபோனேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நகலைத் திருத்திவிட்டு மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்."

"எடுங்க சார். அண்ணனை அனுப்பாதீங்க."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "அடுத்த செவ்வாய் படம் நிக்குதான்னு பாக்கறேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் இருங்க."

படிக்கட்டில் அண்ணன் நின்றிருந்தார். "எதுக்கும்மா நீயா போயி மாட்டிக்கிட்ட? என்னோட போயிருக்கும்ல?"

"போயிருக்கும்ணே. அதான்."

அடுத்த செவ்வாய், பத்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது இருவரும் அந்தத் தாயின் கட்டிலருகே நின்றோம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எழுந்து உட்கார்ந்து, திரையில் தெரிந்த பாதத்தை ஒற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அண்ணன் கருவிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார்.

முள் பத்தைத் தாண்டியது. குழந்தை கொட்டாவி விட்டது. அண்ணன் பையை மெதுவாகத் தரையில் வைத்தார்.