இந்த வருடத்துத் தட்டு

வெளிநாட்டிலிருந்து ஒரு தமிழ் மருத்துவ மாணவி எங்கள் ஆய்வகத்தில் வந்து இறங்கிய அன்றே அவள்மேல் ஒரு கண் வைத்துவிட்டேன். மார்பகக் கட்டிகளைப் பற்றி இரண்டு மாத ஆராய்ச்சி என்றது அவள் கொண்டுவந்த கடிதம். இங்கே கையுறைக்கே திண்டாட்டம், இதில் ஆராய்ச்சி வேறு! எதைப் பார்த்தாலும் நோட்டில் எழுதினாள். இரண்டே நாளில் அவளுக்கு ‘ஆடிட்டர்’ என்று பெயர் வைத்தேன்.

எனக்குப் பயம். அதை ஒளிப்பானேன்? நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துண்டைப் போடுகிற சின்ன பிளாஸ்டிக் பெட்டியை ஒரு தடவைதான் பயன்படுத்த வேண்டும். இந்த வருடம் புதுப் பெட்டி வரவே இல்லை. பழையதையே பிரஷால் தேய்த்து, பென்சில் எண்ணை அழித்து, புது எண் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். துண்டை மெழுகில் உறையவைத்த பிறகு, பெட்டியிலிருந்த எண்ணையும் தேதியையும் சீட்டில் எழுதி ஒட்டி, அந்த மெழுகுக் கட்டியை அந்தந்த வருடத்துத் தட்டில் அடுக்கிவிடுவேன். முறைப்படி கட்டி அதன் பெட்டியோடேயே இருக்க வேண்டும்; தொழில் தெரிந்தவர்கள் அந்தச் சீட்டுகளைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். ஆய்வகத்தை மூடிவிடுவார்கள். என் இருபத்திரண்டு வருட வேலையும் போகும்.

முதலில் பழைய வருடத்துத் தட்டுகளைத்தான் கேட்டாள். தாராளமாகக் கொடுத்தேன். ஒரு நாள் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“அக்கா, இந்த வருஷத்துத் தட்டு எங்க இருக்கு?”

“எதுக்கு?”

“சும்மா, ஒண்ணு பாக்கணும்.”

சும்மா பார்க்கவா கடல் தாண்டி வருவார்கள்? “ஸ்டோர்ல எங்கயோ கிடக்கு. தேடித்தான் எடுக்கணும்,” என்றேன். அன்று மதியமே தட்டைத் தூக்கி மருந்து கேன்களுக்குப் பின்னால் செருகினேன்.

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். சாவி இல்லை என்றேன், எலி கடித்திருக்கும் என்றேன். முகம் சுளிக்காமல், “பரவால்லக்கா, கிடைச்சா சொல்லுங்க,” என்று போய்விடுவாள். அந்தப் பவ்யம்தான் என் சந்தேகத்தைக் கூட்டியது. இப்படிப் பன்னிரண்டு நாள் தள்ளினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பதின்மூன்றாம் நாள் அவள் சாப்பிடப் போனபோது மேஜையில் நோட்டு கிடந்தது. பிறர் நோட்டைத் திறப்பது தப்புதான். திறந்தேன்.

கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: ‘286. தையல்காரி, வயது 38. பதிவேட்டில் இரண்டு துண்டு. ரிப்போர்ட் ஒரு துண்டுக்குத்தான், புற்று இல்லை என்று. இன்னொன்று எங்கே? அக்காவிடம் நாளையும் கேட்கணும். கைத்தவறாக இருந்தால் முதலில் அக்காவிடம்தான் சொல்லணும். பாவம், திட்டு வாங்குவார்.’

ஓடிப்போய்த் தட்டை இழுத்தேன். 286-க்கு ஒரே மெழுகுக் கட்டிதான். பக்கத்து வரிசையில் 236-க்கு இரண்டு இருந்தன; ஒன்றின் சீட்டில் 286 வந்த நாளின் தேதி. பதிவேட்டில் 236-க்கு ஒன்றுதான். தையல்காரியின் இரண்டாவது துண்டை 236-இன் பழைய பெட்டியில் போட்டு, சரியாக அழியாத அந்த எண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதியிருக்கிறேன். 236-க்கு ஏற்கெனவே புற்று என்பதால் கூடுதலாக ஒன்று வந்ததை யாரும் கேட்கவில்லை.

மாணவி திரும்பி வந்ததும் தட்டை அவள் முன்னால் வைத்தேன். எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. அந்தத் தேதி போட்ட கட்டியிலிருந்து நான் சீவிக் கொடுத்த துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“டாக்டரக் கூப்பிடலாம்க்கா,” என்றாள்.

ஆய்வகத்து டாக்டர் வந்து பார்த்தார். முகம் இறுகிவிட்டது. “புற்றுதான். நாலு மாசம் போயிடுச்சே! இது எப்பத் தெரிஞ்சுது?”

“இப்பதான் டாக்டர்,” என்று மாணவி முந்திக்கொண்டாள். என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய். எனக்கு அவமானமாக இருந்தது.

“இல்ல டாக்டர். இந்தப் பொண்ணு பன்னண்டு நாளாத் தட்டக் கேட்டுச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சேன். பெட்டியக் கழுவிக் கழுவி ஓட்டுறது வெளிய தெரிஞ்சிடும்னு.”

டாக்டர் பதிவேட்டைப் பார்த்துத் தையல்காரியின் எண்ணுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். தையல் மெஷின் சத்தம் கேட்டது; அவர் தான் யாரென்று சொன்னதும் நின்றது.

“டாக்டரா? நான் நல்லா இருக்கேன். ஆய்வகத்து அக்காதான் அன்னிக்கே சொன்னாங்களே, ஒண்ணுமில்ல, நிம்மதியாப் போங்கன்னு.”

டாக்டர் போனை என் பக்கம் நகர்த்தினார்.

“நான்தாம்மா பேசுறேன்,” என்றேன். “நான் சொன்னது தப்பு.”