நாங்களே நிரப்பிய படிவம்

உறையின் சாளரத்தில் பெயரும் முகவரியும் மட்டுமே தெரிய வேண்டும். அதற்கு மேல் ஓர் எழுத்துத் தெரிந்தாலும் பிழை. அந்தப் பிழையைத் தேடுவதற்காகவே அஞ்சல் அச்சகத்தில் அவளுக்குச் சம்பளம். முந்நூறுக்கு ஒன்றாக உறையை உருவி, நான்கு விளிம்புகளையும் மேசையில் தட்டுவாள். உள்ளே இருக்கும் தாள் சரிந்து எதையாவது காட்டிக்கொடுக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு உறையைப் பிரித்து, கடிதத்தின் பெயரும் இணைப்பின் பெயரும் ஒன்றுதானா என ஒப்பிடுவாள். நாள் முழுதும் தட்டிக்கொண்டே இருப்பதால் அவளுக்கு ‘தட்டக்கா’ என்று பெயர் வைத்தவர், மடிப்பு இயந்திரத்தை ஓட்டுபவர். அவளைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் ‘அக்கா’வை விட்டுக்கொடுத்ததில்லை.

அன்று ஓடிக்கொண்டிருந்தவை ஒரு வங்கியின் கடிதங்கள், மொத்தம் இருபதாயிரம். ‘தங்களுக்கான தனிநபர் கடன் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டுவிட்டது’ என்று தொடங்கும் கடிதம். அதன் பின்னால் ஒரு விண்ணப்பப் படிவம்.

“இருபதாயிரம் பேரைக் கெஞ்சிக் கூப்பிட்டுக் கடன் குடுக்கறான், மடிக்கறவன் மட்டும் கண்ணுக்குத் தெரியல பாரு” என்றார் மடிப்புக்காரர்.

“உனக்குக் குடுத்தா அதையும் மூணா மடிச்சு வச்சிருவேன்னு பயந்திருப்பான்.”

அவர் சிரித்து முடிப்பதற்குள் இயந்திரம் கரகரத்து நின்றது. தாள் சிக்கிவிட்டது. உருளைகளுக்கு இடையிலிருந்து கசங்கிய கடிதங்கள் மூன்றை இழுத்தெடுத்து அவள் மேசையில் போட்டார். சேதமான கடிதங்களின் எண்களை அவள் மறு அச்சுக்குக் குறித்து அனுப்ப வேண்டும். குறிக்காமல் விட்டாலும் பயனில்லை. மாலையில் கணினி எண்ணிப் பார்த்து, விடுபட்டதைத் தானே அச்சிட்டுவிடும். இருபதாயிரம் என்றால் இருபதாயிரமும் லாரி ஏறியாக வேண்டும்.

மூன்றாவது கடிதத்தில் அவள் பெயர் இருந்தது.

பெயரொத்தவர் யாரோ என்றுதான் முதலில் நினைத்தாள். கீழே இருந்த முகவரி அவளுடைய பழைய வீடு. இரண்டு வருடங்களுக்கு முன்பு, மகளுடைய புத்தகப்பையையும் ஒரே ஒரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவள் வெளியேறிய வீடு. அங்கே இப்போதும் அவள் கணவன் இருக்கிறான்.

பின்னாலிருந்த படிவத்தை நீவி விரித்தாள். ‘தங்கள் சிரமத்தைக் குறைக்க நாங்களே நிரப்பிவிட்டோம், கையெழுத்து மட்டும் போதும்.’ தற்போதைய முகவரி என்ற கட்டத்தில் அவள் இப்போது குடியிருக்கும் வீடு, மாடியும் கதவு எண்ணும் உட்பட. பணியிடம் என்ற கட்டத்தில் இந்த அச்சகம். அதன்கீழ் அவளுடைய மாத வருமானம்.

எங்கிருந்து போயிற்று என்பது உடனே விளங்கிவிட்டது. ஆறு மாதங்களுக்கு முன் தவணையில் ஒரு தையல் இயந்திரம் வாங்கினாள். கடைக்காரர் கேட்ட விவரங்களை எல்லாம் கொடுத்தாள். கொடுத்தது கடைக்காரருக்கு என்று அவள் நினைத்திருந்தாள். கடைக்காரரிடமிருந்து கடன் கொடுத்த நிறுவனத்துக்கு, அங்கிருந்து, யார் யார் கடன் வாங்கி எப்படிக் கட்டுகிறார்கள் என்று எழுதிவைக்கும் பதிவேட்டுக்கு, பதிவேட்டிலிருந்து இந்த வங்கிக்கு என அது அவளுக்கு முன்னால் நடந்துபோயிருக்கிறது.

கணவன் உறையைப் பிரிப்பான், அதில் சந்தேகமில்லை. இதற்கு முன் வேலை பார்த்த இரண்டு இடங்களிலும் வாசலில் வந்து நின்று கத்தினான். இரண்டு இடங்களிலும் அவளை மரியாதையாகத்தான் வேலையைவிட்டு அனுப்பினார்கள். இரண்டாவது முறை மகளின் பள்ளிக்கும் போனான். அதன்பிறகு வீட்டையும் பள்ளியையும் மாற்றினாள்.

தேநீர் இடைவேளையில் படிக்கட்டுக்கடியில் நின்று வங்கிக்குப் பேசினாள்.

“எனக்கு இந்த லோன் வேண்டாம். லெட்டரே அனுப்ப வேண்டாம்.”

“கண்டிப்பா மேடம். உங்க விவரத்தைச் சரிபார்த்துட்டு லிஸ்ட்லேருந்து எடுத்துடறேன்” என்றாள் மறுமுனைப் பெண். “உங்க பதிவு செஞ்ச நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்பறேன், அதை மட்டும் சொல்லுங்க.”

“எந்த நம்பர்?”

“கடைசி ரெண்டு எண் நாலு, ஒம்போது.”

அது அவளுடைய பழைய எண், இப்போது கணவன் வைத்திருப்பது. அவன் கைபேசியில் இப்போது வங்கியிலிருந்து ஒரு செய்தி ஒலித்தால்!

“அனுப்பிடாதீங்க!”

“மேடம், அது இல்லாம நீங்கதான் நீங்கன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?”

அவள் இணைப்பைத் துண்டித்தாள். அவளைப் பற்றி அவ்வளவும் அறிந்த ஓர் இடத்தில், அவள்தான் அவள் என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

மேசைக்குத் திரும்பியதும் வேறொரு கேள்வி எழுந்தது. உறைக்குப் பழைய முகவரியும் படிவத்துக்குப் புதிய முகவரியும் எப்படி வந்தன? அன்று காலையிலிருந்து அவள் பிரித்துச் சரிபார்த்த மாதிரிக் கடிதங்கள் நாற்பதும் தட்டில் இருந்தன. பெயர்களை ஒப்பிடுவதுதான் அவள் வேலை. முகவரிகளை ஒப்பிடும்படி யாரும் சொன்னதில்லை. இப்போது ஒப்பிட்டாள். பதினொன்றில் இரண்டும் வேறு வேறு. பட்டியலைத் தொகுத்தவர்கள் உறைக்கு முதல் முகவரியையும் படிவத்துக்குக் கடைசி முகவரியையும் எடுத்திருக்கிறார்கள். வீடு மாறிய ஒவ்வொருவரின் புது வீடும் அவர் விட்டுவந்த வீட்டுக்குத் தபாலில் போகிறது.

அவளிடம் ஒரே ஒரு அதிகாரம் இருந்தது. எழுந்துபோய் மடிப்பு இயந்திரத்தின் கைப்பிடியில் சிவப்பு அட்டையை மாட்டினாள். மாட்டியவர் கழற்றும்வரை இயந்திரம் ஓடக் கூடாது, அதில் ஓடி முடிந்த கடிதங்களும் லாரி ஏறக் கூடாது.

“அக்கா, நாலு மணிக்கு லாரி” என்றார் மடிப்புக்காரர், பதறிப்போய்.

“தெரியும்.”

மேலாளர் அம்மையார் தம் அறையிலிருந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி வந்தார். “என்னம்மா, ஜன்னல்ல ஏதாவது தெரியுதா?”

“ஜன்னல்ல ஒண்ணும் தெரியல மேடம். உள்ளே தெரியுது.”

“உள்ள இருக்கறது பேங்க்காரன் பாடு. நமக்கு உறை வரைக்கும்தான்.”

அவள் பதினொரு படிவங்களையும் விரித்துக் காட்டினாள். அம்மையார் பார்த்தார், ஆனாலும் அசையவில்லை. “பழைய வீட்ல யாரு இருப்பாங்க? அப்பா அம்மா இருப்பாங்க, இல்ல வேற குடித்தனக்காரங்க. குப்பையில போடுவாங்க.”

ஒரு வருடமாக இந்தக் கூடத்தில் யாரிடமும் சொல்லாததை அவள் சொல்ல வேண்டியிருந்தது. கசங்கிய கடிதத்தைப் பன்னிரண்டாவதாக மேசையில் வைத்தாள். “இது நான். அந்த வீட்ல இருக்கறது என் வீட்டுக்காரர். நான் எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா மறுநாள் காலையில நம்ம கேட்டுல நிப்பார்.”

அம்மையார் அந்தத் தாளைப் படித்தார். வருமானக் கட்டம் வந்ததும், படிக்கக் கூடாததைப் படித்துவிட்டவர்போலத் தாளைக் கவிழ்த்துவைத்தார். குரல் தணிந்தது.

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதாடி? உன் ஒண்ணை நான் பார்த்துக்கறேன். சேதம்னு என் கையாலயே கணக்கை மூடிடறேன், மறு அச்சுக்குப் போகாது. யாருக்கும் தெரிய வேண்டாம். நீ அட்டையைக் கழட்டு.”

அவள் கேட்க விரும்பிய எல்லாமே அந்த வாக்கியங்களில் இருந்தன. கை தானாகவே இயந்திரத்தின் பக்கம் போயிற்று.

“மத்தவங்களோடது?”

“மத்தவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா? எவனாவது வேலை மாறி ஊர் மாறினவனா இருப்பான்.”

“இருக்கலாம் மேடம். நாப்பதுல பதினொண்ணுன்னா இருபதாயிரத்துல அஞ்சாயிரத்துக்கு மேல. அஞ்சாயிரம் பேர்ல என்னை மாதிரி ஒருத்தியாவது இருக்க மாட்டாளா?”

“அவளுக்காக நீ மாட்டிக்கப்போறியா? அட்டை போட்டா ரிப்போர்ட் எழுதணும். உன் பேர், ஆதாரம், எல்லாம் பேங்க்குக்குப் போகும். அவன் நாளைக்கே ‘பரவாயில்ல, அனுப்பு’ன்னு எழுதினா நான் அனுப்பத்தான் செய்வேன். அப்போ உன்னுதும் சேர்ந்து போகும். ரிப்போர்ட்ல ஏறினதை நான் மறைக்க முடியாது.”

அம்மையார் பயமுறுத்தவில்லை, இருப்பதைத்தான் சொன்னார். தன் ஒன்றை மட்டும் காப்பாற்றினால் இன்றிரவு தூக்கம் நிச்சயம். எல்லாவற்றையும் நிறுத்தினால் எதுவும் நிச்சயமில்லை.

வெளியே லாரி வந்து நிற்கும் ஓசை கேட்டது. மடிப்புக்காரர் அட்டையைத் தொடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து இயந்திரத்தின் முன்னால் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். “லாரிக்காரன்கிட்ட நான் பேச மாட்டேன் மேடம். அவன் வாய் நாறும்.”

அம்மையார் அவரை முறைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

அவள் முதலில் மகளின் பள்ளிக்குப் பேசினாள். தான் நேரில் வராமல் மகளை யாரிடமும் அனுப்பக் கூடாது என்றாள். “அப்பா வந்தாலுமா?” என்று கேட்டார்கள். “அப்பா வந்தாலும்” என்றாள்.

பிறகு அறிக்கைத் தாளை எடுத்துப் பிழையின் விவரத்தை எழுதினாள். ஆதாரமாகப் படிவங்களை இணைக்க வேண்டும். வங்கி தேடிப் பார்க்கக் கடித எண்களை விட்டுவிட்டு, கறுப்புப் பேனாவால் பதினொருவரின் வீடுகளையும் வருமானங்களையும் ஒவ்வொன்றாக அடித்து மறைத்தாள். பன்னிரண்டாவது படிவத்தையும் அவ்வாறே மறைத்து, அடுக்கின் நடுவில் செருகினாள்.