தொண்ணூற்றெட்டுக்கு முன்

என் கணவருக்கு என் பிறந்தநாள் ஞாபகம் இருக்காது. ஆனால் எந்தத் துவக்கு எந்த வருடம் எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்று கேட்டுப் பாருங்கள், சோற்றுக் கையோடு எழும்பிப் போய்ப் புத்தகம் எடுத்து வருவார். கலியாணம் பேசும்போது பையன் குடிக்க மாட்டான், சீட்டு விளையாட மாட்டான் என்று சொன்னார்கள். அது உண்மைதான். இதை யாரும் சொல்லவில்லை.

என் கணவர் இராஜரட்ணத்துக்கு, நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில், மார்க்கம் என்ற ஊரில் பழைய கார் வாங்கி விற்கும் இடமொன்றில் வேலை. வருகிற கார் அடிபட்டதா, கதவு மாற்றியதா, எஞ்சின் வேறொரு காருடையதா என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய பிழைப்பு. மிச்ச நேரமெல்லாம் துவக்குகளோடு, பழைய பொலிஸ் ரிவோல்வர்களோடு போகும். வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டின் பேஸ்மன்றில், நிலத்துக்குக் கீழே இருக்கும் அறையில், பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் ஐந்து கிடந்தன. எல்லாம் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு முன் செய்தவை. அந்தக் காலத்தில் செய்த சில வகைத் துவக்குகளை இந்த நாட்டுச் சட்டம் பழம்பொருளாகப் பார்க்கிறது, லைசென்ஸ் தேவையில்லை. தொண்ணூற்றேழில் செய்தால் அலங்காரச் சாமான், தொண்ணூற்றெட்டில் செய்தால் குற்றம். இதைச் சொல்லிச் சொல்லி நான் அவரைப் பகிடி பண்ணாத நாளில்லை.

ஏன் பொலிஸ் துவக்கு என்று கேட்டால் அவரிடம் ஒரு பதில் இருந்தது. "ஆமிக்காரன்ர துவக்கு சண்டைக்குப் போய் எங்கையோ துலைஞ்சிடும். பொலிஸ்காரன்ர துவக்குக்குத்தான் பிறப்பு வளர்ப்பு இருக்கு. எங்கை செய்தது, எந்தப் படைக்கு வந்தது, எந்த ஸ்ரேசன்ல கிடந்தது, எல்லாம் அதின்ர உடம்பிலையே குத்தி வைச்சிருப்பாங்கள்." சொல்லும்போது முகம் குழந்தைப்பிள்ளை மாதிரி ஆகிவிடும். அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பிடிக்கும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

இந்த வீட்டில் பொலிஸ் என்ற சொல் துவக்கோடு நின்றிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். எங்கள் ஒரே மகள் அட்சயா, படித்த படிப்பையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, பொலிசில் சேரப்போகிறேன் என்று நின்றாள். பரீட்சை பாஸ், ஓட்டம் பாஸ், கண் பாஸ். மிச்சம் இருந்தது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. மட்டக்களப்பில் பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கத்தால் ஓடிய ஆள் நான். ஒரு வருடமாகக் கோயில் கோயிலாகப் போய், இது எப்படியாவது நின்றுபோக வேண்டும் என்று கும்பிட்டேன். மகளுக்கும் அது தெரியும்.

அந்தச் சனிக்கிழமை ஆயுத பூசை. விடிந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமைதான் மனசில் நின்றது. கை சும்மா இருந்தால் மனம் அலையும் என்று வீட்டிலுள்ள விளக்கு, செம்பு, தட்டம் எல்லாவற்றையும் சிங்க்கில் போட்டுப் பழப்புளியால் மினுக்கத் தொடங்கினேன்.

கணவர் மேலே வந்தார். கையில் கடைசியாக வாங்கிய ரிவோல்வர், ஒரு துணியில் சுற்றி.

"இதையும் சாமியறையில வையன் கோணேஸ். ஆயுத பூசைதானே."

"நீங்கள் கார் சோதிக்கிற மெசின் வைச்சாச்சு. உது வேறையோ?"

"ஒரு வருசமாத் தேடுறன், எந்தப் படையின்ரை எண்டு பிடிபடேல்லை. சாமியாவது காட்டட்டும்" என்று சிரித்துக்கொண்டு மேசையில் வைத்துவிட்டு, பூவும் பழமும் வாங்க அஜின்கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

துணியை விரித்துப் பார்த்தேன். ஊத்தை. நூறு வருட ஊத்தை. இதற்கா சந்தனம் வைப்பது? பழைய துவக்கைக் கழுவக் கூடாது, அந்த அழுக்கும் கறையும்தான் அதற்கு மதிப்பு என்று அவர் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். ஒரு காதால் கேட்டு மறு காதால் விட்டிருக்கிறேன். குத்துவிளக்கோடு குத்துவிளக்காக அதற்கும் புளியைப் பூசி, தும்பால் உரசினேன். என் அம்மா இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

கைப்பிடிக்கு மேலே, உடம்பின் அடிப்பக்கத்தில், தார் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. புளி பட்டதும் அது இளகி, பட்டை பட்டையாகக் கழன்றது. கீழே ஒரு சின்னக் கிரீடமும் இரண்டு எழுத்தும் ஒரு நீள இலக்கமும் வெட்டின மாதிரித் தெளிவாகத் தெரிந்தன. எனக்கு ஒரே சந்தோசம். மனிதர் ஒரு வருடம் பூதக்கண்ணாடியோடு குந்தியிருந்து காணாததை நான் ஒரு உருண்டைப் புளியால் கண்டுபிடித்துவிட்டேன். கழுவினதற்கு ஏச்சு விழும், ஆனால் இதைக் கண்டால் வாய் மூடிவிடும் என்று நினைத்துக்கொண்டு, வாசலில் காரின் சத்தம் கேட்டதும் அதை ஏந்திக்கொண்டு போனேன்.

அவர் ஏசவில்லை. இலக்கத்தைப் பார்த்தார். பூப் பையை நிலத்தில் வைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பேஸ்மன்றுக்கு இறங்கிப் போய்ப் புத்தகத்தோடு வந்தார். திரும்ப இறங்கினார். இன்னொன்றோடு வந்தார். நானும் பின்னாலேயே ஏறி இறங்கினேன்.

"என்னெண்டு சொல்லுங்கோவன்."

"கோணேஸ், இது மூண்டு."

"என்ன மூண்டு?"

"ஆயிரத்துத் தொளாயிரத்து மூண்டு. குண்டு போடுற உருளை மட்டும்தான் பழசு. அதிலை இருக்கிற இலக்கத்தைப் பாத்துத்தான் தொண்ணூற்றேழு எண்டு நினைச்சன். உடம்பு வேறை துவக்கின்ரை. ஆரோ ரெண்டை ஒண்டாக்கி, இலக்கத்தைத் தாரால மூடி என்ர தலையில கட்டிப்போட்டான்." எஞ்சின் மாற்றிய காரை நாளும் பொழுதும் பிடிக்கிற மனிதர். வெட்கத்தில் காதுவரை சிவந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அது இனிப் பழம்பொருள் இல்லை. லைசென்ஸ் இல்லாத வீட்டில், பதிவில்லாத கைத்துவக்கு. செவ்வாய்க்கிழமை ஒரு பொலிஸ் அதிகாரி எங்கள் சோபாவில் இருந்து தேத்தண்ணி குடிக்கப்போகிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் எனக்குச் சந்தோசம்தான் வந்தது. கும்பிட்டது பலித்துவிட்டது, இனி என் பிள்ளை அந்த உடுப்பைப் போட மாட்டாள் என்று நெஞ்சு துள்ளியது. அடுத்த நிமிடம், விடியற்காலைப் பனியில் அவள் ஓடப் பழகி, கால் வீங்கி வந்து படியில் இருந்தது கண்ணுக்குள் வந்தது. அதற்குப் பிறகு சந்தோசப்பட முடியவில்லை.

அவர் குசினிக்கும் வாசலுக்கும் நடந்தார். "ஏரியில கொண்டுபோய்ப் போட்டிட்டு வாறன்" என்றார். சப்பாத்தைப் போட்டார். "சனிக்கிழமை, அங்கை முழுக்கச் சனம்" என்றேன். சப்பாத்தைக் கழற்றினார். திரும்பத் தாரைப் பூசினால் என்ன என்றார். பிறகு தானே தலையாட்டி, அது சரிவராது என்றார். நான் விளக்குகளைத் துடைத்தேன், துடைத்ததையே திரும்பத் துடைத்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு அந்தச் சின்னக் குசினிக்குள் சுற்றிக்கொண்டிருந்தோம்.

அட்சயா ஓடிவிட்டு வியர்வையோடு உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான். சிங்க்கில் புளித்தண்ணி, மேசையில் துவக்கு, அதைச் சுற்றித் திறந்த புத்தகங்கள், எங்கள் இரண்டு பேரின் முகம். எல்லாவற்றையும் ஒரு தரம் பார்த்தாள்.

"வாட் ஹப்பின்ட்?"

"ஒண்டுமில்லை. அம்மா துவக்கைக் கழுவிப்போட்டா" என்றார்.

அவள் குனிந்து அந்த இலக்கத்தைப் பார்த்தாள். தொடவில்லை. நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, எந்த வருசம்?"

அந்த இலக்கத்தை வைத்து வருடம் சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். தொண்ணூற்றேழு என்றால் அவள் நம்பியிருப்பாள், அவளுடைய அதிகாரியும் நம்பியிருப்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதரும் அல்ல. ஸ்ரௌவ்வில்லில் என் தங்கை யோகராணி வீட்டுக் குடிபுகலுக்குப் போகாமலிருக்க, இடுப்புப் பிடிப்பு என்று மூன்று நாள் முனகியவர். சொல்லுங்கோ, தொண்ணூற்றேழு என்று சொல்லுங்கோ என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு வருடம் எதை நிறுத்தக் கும்பிட்டேனோ அது நிற்கக் கூடாது என்று, சாமியறையைப் பார்க்கத் துணிவில்லாமல் கெஞ்சினேன்.

அவர் துவக்கைப் பார்த்தார்.

"தொளாயிரத்து மூண்டு பிள்ளை."

"ஷுவரா?"

"ஓம். நான்தான் முதல் ஏமாந்தது. இந்தக் கணக்குப் பிழைக்காது."

அட்சயா போனை எடுத்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"செவ்வாய் முடியட்டும் பிள்ளை. மூண்டு நாள் பொறு."

"செவ்வாய் அவர் வந்து வீட்டில துவக்கு இருக்கோ எண்டு கேப்பார் அம்மா. நான் என்ன சொல்ல?"

"பழசுகள் எண்டு சொல்லு. இவ்வளவு நாளும் அப்பிடித்தானே சொன்னாய்."

"இவ்வளவு நாளும் அது உண்மை எண்டு நினைச்சன். இப்ப எனக்குத் தெரியும்."

"சொன்னா உனக்கு வேலை தருவாங்களோ?"

"தெரியாது."

"அப்ப வேலையும் இல்லாமல், சொந்தத் தகப்பனைக் காட்டிக்குடுக்கப் போறியோ?"

அந்தச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. எங்கள் சனத்துக்கு அதைவிடக் கேவலமான சொல் கிடையாது. அவள் கையை இழுக்கவில்லை, ஆனால் கை குளிர்ந்துபோனது.

"விடு கோணேஸ்" என்றார் அவர். "ஆரும் ஆரையும் காட்டிக்குடுக்கேல்லை. அவள் கேட்டாள், நான் சொன்னன்."

நான் கையை விட்டேன். அவள் பொலிசோடு போனில் ஆங்கிலத்தில் பேசினாள். முதலில் தன் பெயர், பிறகு வீட்டு விலாசம், பிறகு தகப்பனின் முழுப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். துவக்கில் குண்டில்லை, மேசையில் இருக்கிறது என்றாள். அது பழம்பொருள் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"என்ர அப்பா பாத்துச் சொன்னவர்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள். "அவர் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும்."

அவர் சிங்க் பக்கம் திரும்பி, ஏற்கெனவே கழுவின செம்பு ஒன்றை எடுத்துக் கழுவத் தொடங்கினார். தோள் குலுங்கியது. நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

அவள் போனை மேசையில் வைத்தாள். வேறு குரலில் பேசினாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஒண்டையும் தொடாதேங்கோ. ரெண்டு பேரும் வெளியிலை வாங்கோ. கையில ஒண்டும் வைச்சிருக்க வேண்டாம். கை ரெண்டும் அவையளுக்குத் தெரியிற மாதிரி நில்லுங்கோ."

ஊரில் ஒருமுறை பள்ளிக்கூட மைதானத்தில் பொலிஸ்காரர் எங்களையெல்லாம் இப்படித்தான் நிற்கச் சொன்னார்கள். கையைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்ற வரிசையிலிருந்துதான் என் அண்ணாவைக் கொண்டுபோனார்கள். அந்தக் குரல்களிலிருந்து தப்பத்தான் இவ்வளவு தூரம் வந்து பனியும் குளிரும் பழகினேன். இங்கே நான் பெற்றது நின்று அதையே சொல்கிறது. கோபம் வந்தது, பயமும் வந்தது. எது கூட என்று சொல்லத் தெரியவில்லை.

அவர் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு முதலில் வெளியே போனார். தனியே விட மனம் வராமல் நானும் போனேன். கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், கையை முன்னால் நீட்டியபடி நின்றோம். எதிர்வீட்டு வேரோனிக்கா இலை கூட்டுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். இன்று பூசை என்று அவளுக்கு நேற்றுத்தான் சொல்லியிருந்தேன், இதுவும் அதில் ஒரு பகுதி என்று நினைத்தாளோ என்னவோ.

தெரு முனையில் பொலிஸ் கார் திரும்பியது. லைட் எரியவில்லை, சத்தமும் இல்லை. மெதுவாகத்தான் வந்தது. இருந்தாலும் நான் அவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. நான் கதைக்கிறன்" என்றாள் அட்சயா.

சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் வந்து, எங்களுக்கும் அந்தக் காருக்கும் நடுவில் நின்றாள். தன்னுடைய கைகளையும் விரித்துப் பிடித்தாள். பின்னால் நின்ற எனக்கு அவளுடைய விரல்கள் தெரிந்தன. அவை நடுங்கின. குரலில் இல்லாத பயமெல்லாம் அந்த விரல்களில் இருந்தது. ஒரு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம், பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் கை தெரிகிற மாதிரி நிற்கச் சொல்லியிருந்தாள். நின்றேன்.