சனியின் நிலவில் பூத்த காப்பி

கொட்டச்சேடு போகும் பாதையில், காப்பி எஸ்டேட் கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு மதகு இருக்கிறது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஜீவாவும் ரஞ்சித்தும் வனிதாவும் உட்கார்ந்து பேசுகிற இடம். அன்று ஞாயிற்றுக்கிழமை. மார்ச் பிறந்து பத்து நாளாகியும் மலையில் ஒரு சொட்டு மழை இல்லை. சென்னையிலிருந்து வந்திருந்த ரஞ்சித் தன் புதுக் காரில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஜீவா கேட்டுக்கொண்டிருந்தான். பேசாமல் இருப்பதில் அவனை மிஞ்ச அந்த எஸ்டேட்டில் ஆளில்லை. எட்டு வருஷமாக அங்கே கணக்கு எழுதும் ரைட்டர் வேலை. காலையில் வேலைக்கு வந்த ஆட்களுக்குப் பேர் போடுவான், மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவான், மிச்ச நேரத்தில் விஞ்ஞான நாவல் படிப்பான். நாலு வருஷம் உழைத்து அவனே ஒன்று எழுதியும் வைத்திருந்தான். முந்நூறு பக்கம். சேலத்தில் அச்செடுத்து, நூல் போட்டுக் கட்டி, பொங்கலுக்கு வந்த ரஞ்சித் கையில் கொடுத்திருந்தான். ரஞ்சித்துக்குச் சென்னையில் ஒரு பதிப்பாளரைத் தெரியும். இந்த மாசக் கடைசிக்குள் கொடுத்தால் இந்த வருஷமே புத்தகம் என்று அவர் சொன்னாராம். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் ஜீவா மதகில் காத்திருந்தான்.

பேச்சு அந்தப் பக்கமே வரவில்லை. ரஞ்சித் ஊர் சுற்றிய கதையில் இருந்தான். தலைக்கு மேலே மீன் நீந்தும் கண்ணாடிச் சுரங்கம், அஞ்சு மாடிக் கடை, நிலத்துக்கு அடியில் ஓடும் ரயில். கடற்கரைக்கு மூன்று தடவை போனானாம். மூன்று தடவையும் கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்திருந்தான். அதை ஒவ்வொன்றாகக் காட்டி, இந்த மலையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டான். அப்போது பெங்களூரு வண்டி ஒன்று நின்று, நாலு பேர் இறங்கி, அவன் காலடியில் தொடங்கும் பள்ளத்தாக்கைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். அவன் கவனிக்கவில்லை. கண்ணால் பார்க்கிற பழக்கமே விட்டுப்போன பிறவி என்று ஜீவா நினைத்துக்கொண்டான்.

வனிதா அதற்கு மேல். செம்மநத்தத்தில் அப்பாவின் இரண்டு ஏக்கர் காப்பியைப் பார்த்துக்கொண்டு, போனில் வீடியோ எடுத்துப் போட்டுச் சமையல் சொல்லித் தருகிறாள். மூணே பொருள், அஞ்சே நிமிஷம். வெந்நீர் வைக்கத் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் அதைப் பார்க்கிறார்கள். அன்றைக்கு அவல் உருண்டை கொண்டுவந்திருந்தாள். அவல், வெல்லம், தேங்காய். அடுப்பே வேண்டாம் என்று பெருமை வேறு. இதையெல்லாம் ஒரு சமையல் என்று சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும் என்று எண்ணியபடியே ஜீவா நாலாவது உருண்டையை எடுத்தான்.

கடைசியில் ரஞ்சித்துக்கே நினைவு வந்தது.

"உன் கதை நொம்ப நல்லா இருந்துச்சுடா. ரயில்ல ஒரே மூச்சுல படிச்சேன். மூணாவது அத்தியாயத்துல அந்தச் சண்டை வருது பாரு, புல்லரிச்சுப் போச்சு."

நாவலில் சண்டையே இல்லை. முந்நூறு பக்கத்தில் ஒருவன் இன்னொருவன் மேல் விரல்கூட வைப்பதில்லை. ஜீவா உருண்டையை மெல்வதை நிறுத்தினான்.

"எந்தச் சண்டை?"

"அதான், விண்கலத்துல."

வனிதா ஒயர் கூடைக்குள் கையை விட்டு ஒரு காகிதக் கட்டை எடுத்து மதகின் மேல் வைத்தாள். நூல் போட்டுக் கட்டிய அதே கட்டு.

"பொங்கலன்னிக்கு எங்க ஊட்டுல சாப்பிட்டுட்டு, இதை அரிசி மூட்டை மேல வெச்சுட்டுப் போயிட்டே. ரயில்ல எதைப்பா படிச்சே?"

வேறு யாராக இருந்தாலும் முகம் தொங்கியிருக்கும். ரஞ்சித் சிரித்தான். நண்பன் நன்றாகத்தான் எழுதியிருப்பான், அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்றான். இப்போது கொடு, நாளைக் காலையில் பதிப்பாளர் மேஜையில் இருக்கும் என்று கையை நீட்டினான்.

ஜீவா அந்தக் கையைப் பார்க்கவில்லை. மசாலாப் பொட்டலத்தின் முதுகைத் தவிர எதையும் படித்தறியாதவள் என்று இத்தனை நாள் அவன் நினைத்திருந்த வனிதாவைப் பார்த்தான். நீ இதைப் பிரித்தாயா என்று கேட்டான். குரலில் இருந்த இளக்காரம் அவனுக்கே கேட்டது.

இரண்டு தடவை படித்தாளாம். நன்றாக இருந்ததாம். ஒன்றுதான் புரியவில்லையாம்.

"சனிக்குப் பக்கத்து நிலவுல கண்ணாடிக் கூடாரம் போட்டு காப்பி வெக்கிறாங்க, சரி. தினமும் குழாய்ல வேருக்குத் தண்ணி உடறாங்க. செடி ஒரு நாளும் காயல. மேல ஒரு மழையும் உழுகல. அப்புறம் மொட்டு எப்படி ஜீவா வெடிக்கும்?"

ஜீவா கையில் மிச்சமிருந்த உருண்டையை மதகின் மேல் வைத்தான்.

நாவலின் உச்சமே அந்தப் பூதான். ஆறு வருஷம் கழித்துக் கூடாரத்தில் வெள்ளையாகக் காப்பி பூக்க, நாற்பது பேர் நின்று அழுகிறார்கள். அந்த நிலவின் ஈர்ப்பு விசையை மூன்று புத்தகம் பார்த்துச் சரிபார்த்திருந்தான். எடையில்லாத இடத்தில் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது என்று எழுதிய ஒருவரின் நாவலைப் பாதியில் சுவரில் விட்டெறிந்தவன் அவன். ஆனால் மூன்று மாசம் காய்ந்து, பிறகு ஒரு நல்ல மழை நனைத்து, அதிலிருந்து ஒன்பது பத்து நாளில்தான் காப்பி பூக்கும் என்பதை, இந்த மலையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்ததை, அவன் எழுதவில்லை. டிசம்பரிலிருந்து தினமும் மழை நோட்டில் 'இல்லை' என்று எழுதுகிற கை. அன்று காலையிலும் எழுதியது. பின்னால் சரிவு முழுக்க மொட்டு கட்டிய செடிகள் இலை தொங்கி நின்றன. அவை எதற்காக நிற்கின்றன என்று நாலு வருஷத்தில் ஒரு நாள் அவன் திரும்பிப் பார்த்ததில்லை.

கடலுக்கு முதுகைக் காட்டி நின்றவனை நினைத்துச் சற்று முன்னால் மனசுக்குள் எவ்வளவு கேவலமாகச் சிரித்தோம் என்று தோன்றியது.

"சென்னையில எவனுக்குடா தெரியப் போவுது இது?" என்றான் ரஞ்சித். "குடிக்கத் தெரியும், அவ்வளவுதான். கொடு."

அது உண்மை. பதிப்பாளருக்குத் தெரியாது. வாங்குகிறவர்களுக்கும் தெரியாது. புத்தகம் வந்துவிடும், அட்டையில் அவன் பெயரும் இருக்கும். பிழை தெரிந்தவர்கள் இந்த மலையில் மட்டும் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தி உருண்டை டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். ஜீவா கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மழை பெஞ்ச பொறவு தர்றேன்."

"மாசம் முடிஞ்சா அவரு அடுத்த வருஷம்பாரு."

"சொல்லட்டும்."

ரஞ்சித் தலையில் அடித்துக்கொண்டான். ரைட்டருக்கு ஆள் கணக்கு எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தான். ஏறச் சொன்னதற்கு இருவருமே தலையாட்டி மறுத்தார்கள். வண்டி வளைவில் மறைந்தது.

பஸ் வரும் நேரமாகிவிட்டதென்று வனிதா எழுந்தாள். கூடையைத் தோளில் மாட்டியவள், ஏதோ நினைவு வந்தவளாக நின்றாள். இன்னொன்று சொன்னால் கோபப்படுவாயா என்றாள்.

"அந்த நாப்பது பேரும் ஆறு வருஷமா மாத்திரையவே முழுங்கறாங்களே. மனுசன் இருப்பானா அங்க?"

அதற்குத் தகுந்த பதில் ஒன்று ஜீவாவின் நாக்கு நுனிக்கு வந்தது. நறுக்கென்று, இரண்டே சொல்லில். விழுங்கிக்கொண்டான். பேர் போடுகிற பேனாவை எடுத்து, கட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான்.

"அடுப்பு கிடையாது அங்க," என்றான். "அந்த உருண்டைக்கு என்னென்ன சொன்னே?"